டிராகன் நமக்கு ஒத்துவருமா?

கேள்வி: எனக்கு 'மெட்டி ஒலி' மாதிரி குடும்பக் கதைதான் பிடிக்கும். மகனோ 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பாரு பாரு என்கிறான். பார்க்கலாமா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக. முதல் சீசனில் 10 எபிசோடு; டிராகன் முட்டையிலிருந்து வெளியே வருவதே கடைசிக் காட்சியில்தான். ஆரம்பத்தில் பனிப் பிசாசு ஒன்று தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அரியணைக்கான அடிதடி.

உங்கள் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பிலும் இதே சமாசாரம்தானே? ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் மோதுகிறார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே பின்னாலிருந்து காய் நகர்த்துகிறார். துய்ப்ளேயின் மனைவி மீது பிள்ளைக்கு இருந்த கடுப்பு இருக்கிறதே, எந்த மெகா சீரியலும் தோற்கும்! அந்தக் காலத்தை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்' உங்களுக்குப் பிடித்திருந்தால் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரும் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தமும் படுக்கையறையும் கொஞ்சம் அதிகம். மகனோடு சேர்ந்து உட்கார்ந்துவிடாதீர்கள். மொத்தம் 73 எபிசோடு, கடைசி சீசன் அவசர அவசரமாக முடித்தது. மூன்று எபிசோடு பார்த்தும் மனசு ஒட்டவில்லையா, விட்டுவிட்டு 2022-இல் வந்த 'சுழல்' தொடரைப் பாருங்கள். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் ஊரில், காணாமல் போன பெண்ணைத் தேடுகிற கதை.