அப்பா விட்டுச்சென்ற தொழுவம்: விற்பதா, வளர்ப்பதா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பும்போதே அறிவுரை தொடங்கிவிடும். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றி எந்த ஊரானாலும் இதே பேச்சுதான். "மாட்டை மட்டும் வித்துறாதப்பா, அது லட்சுமி" என்பார் பெரியப்பா. "இதுல என்னத்தக் கண்ட, வித்துட்டு டவுனுக்கு வந்துரு" என்பார் மாமா. வெளியூரில் வேலை பார்க்கும் மகனும், கட்டிக்கொடுத்த மகளும் கொட்டகையில் நிற்கும் ஆறேழு உருப்படிகளைப் பார்த்தபடி என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்கள். பெரியப்பா, மாமா இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கணக்கை மட்டும் இருவரும் பார்ப்பதில்லை.

"கறவை மாடு இருந்தால் தினமும் காசு."

பால் தினமும் கிடைக்கும், செலவும் தினமும் ஆகும். 2023 டிசம்பர் 18 முதல் அரசின் 3 ரூபாய் ஊக்கத்தொகையைச் சேர்த்து, ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாயும் எருமைப்பாலுக்கு 47 ரூபாயும் கொடுக்கத் தொடங்கியது. ஓர் ஈத்து முழுவதும் சராசரியாக நாளுக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு ஒன்றை அந்த 38 ரூபாயில் வைத்துப் பார்க்கலாம். வரவு 304 ரூபாய். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது கலப்புத் தீவனத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அப்படியென்றால் நாளுக்கு 4.7 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் 141 ரூபாய். வைக்கோலுக்கு 25 ரூபாய். 25 கிலோ பசும்புல்லைக் கிலோ 3 ரூபாய்க்கு வாங்கினால் 75 ரூபாய். மிஞ்சுவது 63 ரூபாய்.

பசு 305 நாள் கறக்கும், 60 நாள் வற்றி நிற்கும். வற்றிய நாளிலும் அது தின்னத்தான் வேண்டும். நாளுக்கு 160 ரூபாய் என்றாலும் 9,600 ரூபாய். ஆக ஆண்டு முடிவில் ஒரு மாட்டுக்குக் கையில் நிற்பது பத்தாயிரத்துக்கும் கீழே. மருந்து, தாது உப்பு, கரண்டுக் கட்டணம், ஆள் கூலி எதுவும் இதில் சேரவில்லை.

இதே மாட்டுக்குப் பசும்புல் மட்டும் சொந்த நிலத்தில் விளைந்தால் மிச்சம் சுமார் 37,000 ரூபாய். மாடு மாறவில்லை, பால் விலையும் மாறவில்லை. புல் வந்த இடம் மட்டும் மாறியிருக்கிறது. சொந்தப் புல்லுக்கும் தண்ணீரும் எருவும் அறுப்புக்கூலியும் உண்டு என்று கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதாகத்தான் இருக்கும். தீவன விலை ஊருக்கு ஊர் மாறும், அவரவர் கடை விலையைப் போட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே பண்ணை கைக்கு வந்ததும் முதலில் எண்ண வேண்டியது மாட்டை அல்ல. கிணற்றில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது, புல்லுக்கு எத்தனை சென்ட் ஒதுக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 2008ஆம் ஆண்டு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். நட்டு 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு ஏறக்குறைய 45 நாளுக்கு ஓர் அறுப்பு. பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் அளவு. அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மாட்டுக்கு ஆண்டுக்கு 9 டன் என்ற கணக்கில் ஓர் ஏக்கர் எட்டு மாட்டுக்குத் தாங்கும். கூடவே வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும் இருந்தால் புண்ணாக்குச் செலவு குறையும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் கோடையிலும் தண்ணீர் வேண்டும். வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு பாசனத்தில் இருக்கும் குடும்பமும் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியை நம்பும் குடும்பமும் ஒரே விடைக்கு வர முடியாது. முன்னவருக்கு "வளர்க்கலாம்" என்பது சரியாக இருந்தால், பின்னவருக்கு "இரண்டு மாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்" என்பது அதே அளவு சரி.

மாமாவின் பேச்சுக்கும் இதே கணக்குதான் பதில். நட்டத்தில் ஓடும் பண்ணை என்று எல்லோரும் சொல்லும் இடத்தில், நட்டம் பாதி மாட்டினால் மட்டும் வந்துகொண்டிருக்கும். மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத பசு, ஒரு காம்பு மடிநோயில் போன பசு, அப்பா ஆசையாக வைத்திருந்த கிழட்டுப் பசு ஆகியவை நன்றாகக் கறக்கும் மாட்டின் லாபத்தைத் தின்றுகொண்டிருக்கும். பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி. ஒரு தடவை தவறவிட்டால் மூன்று வாரம் போச்சு. அடுத்த கன்று மூன்று மாதம் தள்ளினால், புல்லை விலைக்கு வாங்கும் வீட்டில் 14,400 ரூபாய் கூடுதல் தீனிச் செலவு. மேலே சொன்ன அந்தப் பத்தாயிரம் முழுவதும் அதிலேயே காணாமல் போய்விடும். தேதி எழுதி வைக்காத பண்ணையில் இது யார் கண்ணிலும் படாது.

"மாட்டை விற்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம்."

துயரத்தில் இருக்கும் பிள்ளைகளை இந்தச் சொல் மிகவும் வதைக்கிறது. உலகம் முழுவதும் பால்பண்ணைக் குடும்பங்கள் இந்த வதையைப் பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு 70 ஆயிரத்துக்கும் மேல் இருந்த உரிமம் பெற்ற பால்பண்ணைகள் 2023இல் 26 ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்தன. அங்கே மொத்தப் பால் உற்பத்தி குறையவில்லை, கூடியது, குறைந்தது குடும்பங்கள்தான். நம் ஊரிலும் எருமையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சம் எருமைகள். 2019இல் 5.2 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டன. எருமையை விட்ட குடும்பங்கள் எல்லாம் பெற்றோரை மறந்தவை அல்ல. மேய்ச்சல் நிலமும் கண்மாய்த் தண்ணீரும் போன பிறகு அவர்களால் எருமை வைத்திருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் விற்பது, எல்லாவற்றையும் வைத்திருப்பது என்ற இரண்டு வழி மட்டும்தான் உண்டு என்று நினைப்பதும் தவறு. ஏழில் நான்கை விற்று, நல்ல ஈத்தில் இருக்கும் இரண்டையும் ஒரு கிடேரியையும் வைத்துக்கொள்வதும் முழுமையான ஒரு முடிவுதான்.

"அதிகம் கறக்கும் மாடு வாங்கிப்போட்டால் எல்லாம் சரியாகும்."

படித்த மகன்கள் அதிகம் விழும் பள்ளம் இது. கடன் வாங்கி, நாளுக்கு 20 லிட்டர் என்று தரகர் சொல்லும் ஹெச்.எஃப். என்ற கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் பசுவை ஓட்டி வந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் கால்நடை இனப்பெருக்கக் கொள்கையே சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பு, மலைப்பகுதிக்கு ஃப்ரீசியன் கலப்பு என்றுதான் சொல்கிறது. காரணம் வெயில். மதுரையில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது இந்த மாடுகள் தீனியைக் குறைக்கும், மூச்சு வாங்கும், பால் இறங்கும், சினை தங்காது. குளிர்ந்த மாவட்டத்தில் 20 லிட்டர் கறந்த மாடு சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் அதைக் கறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. புது மாடு வாங்கும் பணத்தில் பாதியைக் கொட்டகை உயரத்துக்கும், கூரைமேல் தென்னங்கீற்றுக்கும், குளுதாடியில் நாள் முழுவதும் தண்ணீர் நிற்பதற்கும் செலவழித்தால் இருக்கும் மாடே கூடுதலாகக் கறக்கும்.

"நாட்டு மாட்டுக்கு மாறினால் ஏ2 பாலில் கொட்டும்."

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு ஊரெங்கும் பரவியது. நாட்டு மாட்டின் மேல் வந்த அந்த அன்பு மதிக்க வேண்டியது. ஆனால் மதுரை, சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடு கறவைக்காக உருவான இனம் அல்ல. 2012இல் தேசிய அளவில் தனி இனமாகப் பதிவான இந்த மாடு கிடை போடவும், உழவுக்கும், வாடிவாசலுக்கும் பேர்போனது. கன்றுக்குப் போக மிஞ்சும் ஒன்றிரண்டு லிட்டரை நம்பி ஒரு குடும்பம் மாதச் செலவைப் பார்க்க முடியாது. எருவுக்காகவும் காளைக்கன்றுக்காகவும் வளர்ப்பவருக்கு அது வேறு கணக்கு, நல்ல கணக்கும்கூட.

ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் புரதத்தின் ஒரு வகை. இந்திய நாட்டு இனங்களில் அது பரவலாக உண்டு. எருமைப்பாலிலும் அதுதான் இருக்கிறது. அந்த எருமைப்பாலை யாரும் இரட்டை விலை கொடுத்து வாங்குவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று ஏ1, ஏ2 என்ற விளம்பரத்தை நீக்கச் சொன்னது, ஐந்து நாளில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடிப்படை விதியே இன்னும் உறுதியாகாத ஒரு பெயரை நம்பி அப்பாவின் மாடுகளை மாற்றிப்போடுவது ஆபத்து.

"ஆவின் விலை கொடுப்பதில்லை, தனியாரிடம் போனால் தப்பிக்கலாம்" என்று சொல்பவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. 2019 ஆகஸ்டில் 32 ரூபாயாக உயர்ந்த பசும்பால் விலை 2022 நவம்பரில்தான் 35 ஆனது. இடையில் மூன்றாண்டுக்கு மேல் தீவன விலை அப்படியே நிற்கவில்லை. 2023 மார்ச் 17 முதல் பால் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு 7 ரூபாய் உயர்வு கேட்டு ஆவினுக்குப் பால் நிறுத்தும் போராட்டத்தில் இறங்கியது இதனால்தான். ஆனால் பால் பெருகும் மாதங்களில் தனியார் விலையை இறக்கும்போது நிற்கும் இடமும் ஊரின் பால் கூட்டுறவுச் சங்கம்தான். சங்கத்தில் உறுப்பினராக இருந்துகொண்டு ஒரு பங்கைக் கிராமத்து டீக்கடைக்கோ, நகரத்து வீடுகளுக்கோ கொடுப்பவர்கள் ஓரளவு நிமிர்ந்து நிற்கிறார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சும் ஜிகர்தண்டா கடைகள் நிறைந்த ஊரில் கெட்டிப்பாலுக்கு மதிப்பு உண்டு. வெளியில் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கொழுப்பும் இதர சத்தும் குறைந்தால் சங்கத்திலும் முழு விலை கிடைக்காது. வைக்கோலும் புல்லும் குறைந்து தவிடு மட்டும் கூடும் வீட்டில் முதலில் இறங்குவது கொழுப்புதான்.

"மாடும் கொட்டகையும் மகனுக்கு" என்பது சட்டப்படி தவறு. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துவின் சுய சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடிருக்கும் தாய் எல்லோருக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டுச் சட்டமே இதைச் சொல்கிறது. பூர்வீகச் சொத்தில் மகளின் பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது, நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. கடனும் அப்படித்தான்: கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே வாரிசுகள் பொறுப்பு. "பால் வருமானத்துக்கு வரியே கிடையாது" என்பதும் சரியல்ல. பயிர் வருமானத்துக்கு உள்ள விலக்கு கறவை வருமானத்துக்குப் பொருந்தாது. சிறு பண்ணைகள் வரி வரம்புக்குள் வராமல் இருப்பது வேறு விஷயம். சங்கத்தின் உறுப்பினர் எண்ணும், மாட்டுக் காப்பீடும், 12 இலக்கக் காதுவில்லையின் பதிவும் தானாகப் பெயர் மாறாது. பெயர் மாறாமல் மாடு இறந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

இத்தனை பேச்சிலும் ஒருவரை யாரும் கேட்பதே இல்லை. பண்ணை அப்பாவின் பெயரில், பால் அட்டை அப்பாவின் பெயரில். ஆனால் விடியற்காலை எழுந்து சாணம் அள்ளி, புல் அறுத்து, தண்ணீர் காட்டி, இரண்டு வேளையும் கறந்தது பெரும்பாலான வீடுகளில் அம்மா. "அம்மா பார்த்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு நகரத்துக்குத் திரும்பும் பிள்ளை, பண்ணையைத் தொடரவில்லை. தனியாகிப்போன ஒரு பெண்ணின் தலையில் இரண்டு ஆள் வேலையை ஏற்றிவிட்டுப் போகிறது. மேலே போட்ட கணக்கில் அவர் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. அந்தக் கூலியைப் போட்டுப் பார்த்தும் லாபம் நின்றால்தான் அது பண்ணை. தொடர்வதென்று அவரே விரும்பினால் உறுப்பினர் எண்ணும் வங்கிக் கணக்கும் அவர் பெயருக்கு மாற வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் விவாதம் இல்லை.

ஆகவே பங்காளிகள் கூடிப் பேசுமுன் அம்மாவைக் கேளுங்கள். ஒரு மாதம் மாடுவாரியாகப் பால், தீவனம், சினைத் தேதியை நோட்டில் எழுதுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. நோட்டோடு போய் உட்காருங்கள். மாட்டுக்கு அவசரம் என்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம். விற்பதென்று முடிவானால் ஈத்து, சினை, காதுவில்லை எண் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், அவசரத்தில் தரகர் சொன்ன விலைக்கு விட்டுவிடாதீர்கள். வளர்ப்பதென்று முடிவானால் புது மாடு வாங்கும் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டு, புரட்டாசி முடிவதற்குள் புல் கரணையை ஊன்றிவிடுங்கள்.