பெட்டி நிறைந்து விட்டது

மும்பையில் தாராவி இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆறுமுகத்துக்கும் அந்தப் பக்கம்தான்.

ஆறுமுகம் ஒரு வெல்டர். மஸ்கட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தார். பிறகு தாராவிக்குத் திரும்பி வந்தார். கம்பெனி அவருக்குப் பணம் தர வேண்டி இருந்தது. வேலை முடித்துப் போகிறவருக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கும் பணம் அது. செட்டில்மென்ட் என்பார்கள். "விவரத்தை மெயிலில் அனுப்புகிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மாதம் ஆனது. ஒரு மெயிலும் வரவில்லை.

ஒரு நாள் மஸ்கட்டில் இருந்து நண்பர் போன் செய்தார்.

"ஆறுமுகம், ஆபீஸில் விசாரித்தேன். உனக்கு இரண்டு தடவை மெயில் அனுப்பினார்களாம். இரண்டும் திரும்பி வந்துவிட்டதாம். உன் பெட்டியில் இடம் இல்லையாம்."

ஆறுமுகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "மெயிலுக்கு ஏது பெட்டி? அது எப்படி நிறையும்?" என்று மனைவி செல்வியிடம் கேட்டார்.

பக்கத்து வீட்டுத் தங்கராஜ் போனை வாங்கிப் பார்த்தான். "அண்ணாச்சி, மூவாயிரம் மெயில் கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சிருவோம். இடம் தானா வரும்" என்றான். விரலும் போனில் போய்விட்டது.

"பொறு தம்பி!" என்றார் செல்வி. "இவரு வேலை ஒப்பந்தம் அதுலதானே இருக்கு? சம்பளச் சீட்டும் அதுலதானே வந்தது?"

செல்வி சொன்னது சரி. தாளில் இருந்த ஒப்பந்தம் மழையில் நனைந்து கூழாகிப் போயிருந்தது. மெயிலில் இருந்ததுதான் மிச்சம். அதையும் அழித்திருந்தால், பணம் வர வேண்டும் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இருந்திருக்காது.

ஆறுமுகத்தின் அக்கா மகள் பிரியா. தொண்ணூறு அடி சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் கம்ப்யூட்டர் உண்டு. மறுநாள் காலை இருவரும் அங்கே போனார்கள்.

"முதல்ல எது இடத்தை அடைக்குதுன்னு பார்ப்போம் மாமா. பார்க்காம எதையும் அழிக்கக் கூடாது" என்றாள் பிரியா.

ஆறுமுகம் வைத்திருந்தது ஜிமெயில். கூகுள் கம்பெனியின் மெயில் அது. 2004-ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார்கள். அப்போது ஒருவருக்கு 1 ஜிபி இடம் கொடுத்தார்கள். ஜிபி என்பது இடத்தை அளக்கும் அளவு. அரிசிக்குக் கிலோ மாதிரி. இப்போது காசு கட்டாதவருக்குப் பொதுவாக 15 ஜிபி கிடைக்கிறது. அந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் இல்லை. போனில் எடுக்கும் போட்டோவும் வீடியோவும் கூகுளில் சேமித்தால் அதே இடத்தில்தான் சேரும். முன்பு சாதாரண அளவுப் போட்டோக்களைக் கணக்கில் சேர்க்காமல் இருந்தார்கள். 2021 ஜூன் 1 முதல் அதையும் சேர்த்துவிட்டார்கள். வாட்ஸ்அப் பேச்சைக் கூகுளில் சேமித்தால் அதுவும் அங்கேதான். நான்கு குடும்பம் ஒரே அறையில் இருப்பது போல.

பிரியா கணக்கைத் திறந்து காட்டினாள். போட்டோ, வீடியோ 11 ஜிபி. வாட்ஸ்அப் 2 ஜிபி. மெயில் 2 ஜிபி.

கூட்டிப் பாருங்கள். எவ்வளவு வருகிறது? தங்கராஜ் சொன்னபடி மெயில் முழுவதையும் அழித்திருந்தால் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும்?

"2 ஜிபிதான் கிடைச்சிருக்கும்" என்றார் ஆறுமுகம். "அதுக்காக ஒப்பந்தத்தைத் தொலைச்சிருப்பேனே!"

இன்னொரு விஷயமும் பிரியாவின் கண்ணில் பட்டது. கணக்கில் மஸ்கட் போன் நம்பர்தான் இருந்தது. 968 என்று தொடங்கும் நம்பர். அந்த சிம் இப்போது இல்லை. நாளைக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் சரிபார்க்கும் எண் அந்த நம்பருக்குப் போகும். அது ஆறுமுகத்தின் கைக்கு வராது. பெட்டி இருக்கும், சாவி இருக்காது. பிரியா உடனே இந்திய நம்பரை மாற்றிப் போட்டாள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் நம்பர் மாற்றினால் அன்றே மெயில் கணக்கிலும் மாற்றுங்கள்.

பிறகு நகல் எடுக்கும் வேலை. மெயில் பெட்டியின் மேலே தேடும் கட்டம் இருக்கிறது. அதில் கம்பெனியின் பெயரை அடித்தாள். அந்தக் கம்பெனி அனுப்பிய கடிதங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதல் ஒப்பந்தம், விசா நகல், மாதாமாதம் வந்த சம்பளச் சீட்டு, கடைசியாக வேலை முடிந்த கடிதம்.

ஆறுமுகம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவும் இங்கேயா கிடந்தது!"

ஒவ்வொன்றாகத் திறந்தாள். கூட வந்த தாள்களைக் கம்ப்யூட்டரில் இறக்கினாள். இறக்கும்போது வரும் பெயர் வாயில் நுழையாது. அதனால் புதுப் பெயர் வைத்தாள். வருடம் முதலில், மாதம் அடுத்து, என்ன தாள் என்பது கடைசியில். "2019 மார்ச் ஒப்பந்தம்" என்பது போல. இப்படி வைத்தால் யார் தேடினாலும் கிடைக்கும். எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் போட்டாள். பென்டிரைவைக் கழற்றி, மறுபடி செருகி, திறந்து பார்த்தாள். தாள் திறந்தது, எழுத்துத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் "நகல் ஆச்சு மாமா" என்றாள்.

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உங்க டிரங்குப் பெட்டியில இருக்கட்டும். இன்னொண்ணு எங்க வீட்டுல. ஒரே வீட்டுல ரெண்டையும் வெச்சா, தண்ணி வந்தா ரெண்டும் போயிரும்."

ஒப்பந்தத்தை மட்டும் தாளிலும் அச்சடித்தார்கள்.

இப்போது இடத்தைக் காலி செய்யலாம். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனில் இருப்பதும் சேர்ந்து போகும். பலர் இது தெரியாமல் பிள்ளையின் படங்களை இழந்திருக்கிறார்கள். அதனால் வீடியோக்களையும் முதலில் பென்டிரைவில் நகல் எடுத்தார்கள். பிறகு பெரியதாகப் பார்த்து அழித்தார்கள். கல்யாண வீட்டு ஆட்டம், யாரோ அனுப்பிய சிரிப்புப் படம், சட்டைப் பையில் போன் தானாக எடுத்த இருட்டு வீடியோ. ஒரு நிமிட வீடியோ 100 எம்பிக்கும் மேலே போகலாம். ஒரு ஜிபி என்பது ஏறக்குறைய ஆயிரம் எம்பி. பத்து நிமிட வீடியோ இருந்தால் ஒரு ஜிபி போய்விடும்.

அழித்தும் இடம் கூடவில்லை. ஆறுமுகம் பதறினார். பிரியா சிரித்தாள். "வீட்டைக் கூட்டிக் குப்பைத் தொட்டியில போட்டிருக்கோம் மாமா. தொட்டி இன்னும் வீட்டுக்குள்ளதானே இருக்கு?" அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகும். மெயில் அங்கே 30 நாள் இருக்கும். கூகுளில் சேமித்த போட்டோ 60 நாள் இருக்கும். அதுவரை திருப்பி எடுக்கலாம். ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். தொட்டியில் வேண்டியது எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதையும் காலி செய்தார்கள். 6 ஜிபி மிச்சமானது.

அடுத்து மெயிலை ஒழுங்கு செய்தார்கள். முன்பு வீடுகளில் கொக்கிக் கம்பி தொங்கும். வந்த கடிதங்களை அதில் குத்தி வைப்பார்கள். ரேஷன் ரசீது ஒரு கம்பி, ஊர்க் கடிதம் ஒரு கம்பி. மெயிலிலும் அப்படிக் கம்பி மாட்டலாம். அதற்கு லேபிள் என்று பெயர். பிரியா மூன்று லேபிள் போட்டாள். "மஸ்கட் வேலை", "பேங்க்", "பிள்ளைகள் படிப்பு". நான்கு, ஐந்து போதும். இருபது லேபிள் போட்டால் லேபிளையே தேட வேண்டி வரும்.

மீதி எல்லாம் பெரும்பாலும் விளம்பரம். எப்போதோ துணி வாங்கிய கடை தினமும் எழுதிக்கொண்டிருந்தது. தெரிந்த கடை என்றால் "இனி அனுப்ப வேண்டாம்" என்று நிறுத்தலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் எந்த இடத்தையும் தொட வேண்டாம். அதை ஸ்பேம் என்று குறித்துவிட்டால் போதும்.

அந்தக் குப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. "உங்கள் பெட்டி நிறைந்துவிட்டது. இங்கே தொட்டுப் பாஸ்வேர்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு மூடப்படும்."

"இதைத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன்!" என்றார் ஆறுமுகம்.

"தொடாதீங்க மாமா. இது திருடன் எழுதினது."

அனுப்பியவரின் முகவரியைக் காட்டினாள். அது கூகுளின் முகவரி இல்லை. இடம் எவ்வளவு இருக்கிறது என்று நம் கணக்கைத் திறந்து நாமே பார்க்கலாம். கடிதத்தில் வந்த வழியாகப் போக வேண்டாம். பாஸ்வேர்டும் ஓடிபியும் யார் கேட்டாலும் தரக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்கும் அந்த நம்பர்தான்.

பெட்டி முழுவதையும் ஒரேயடியாக நகல் எடுக்கவும் வழி உண்டு. கூகுளில் டேக்அவுட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கேட்டால் எல்லா மெயிலையும் கட்டிக் கொடுப்பார்கள். சில மணி நேரம் ஆகும், சில நாளும் ஆகலாம். தயாரானதும் ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் கட்டைப் பிரித்துப் படிக்கத் தனி மென்பொருள் தேவை. அதனால் முக்கியமான தாள்களைத் தனியாக எடுத்து வைப்பதே முதல் வேலை என்றாள் பிரியா. கணக்கை அவ்வப்போது திறக்கவும் சொன்னாள். இரண்டு வருடம் திறக்காமலே கிடந்தால் கூகுள் அதை அழித்துவிடலாம்.

கடைசியாகக் கடைக் கம்ப்யூட்டரில் இறக்கிய தாள்களை எல்லாம் அழித்தாள். கணக்கில் இருந்து வெளியேறினாள். நம் கடைதான் என்றாலும் நாளைக்கு யார் உட்காருவார்களோ.

ஆறுமுகம் அன்றே மஸ்கட்டுக்கு மெயில் போட்டார். "என் பெட்டியில் இடம் இருக்கிறது. மறுபடி அனுப்புங்கள்."

வியாழக்கிழமை பதில் வந்தது. ஒப்பந்த நகலும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்டிருந்தார்கள். பேங்க் கணக்கு விவரமும் கேட்டிருந்தார்கள். செல்வி பாஸ்புக்கைக் கொண்டு வந்தார். ஆறுமுகம் கை நீட்டி வாங்கவில்லை.

"இரு. இது கம்பெனிதானா, வேற யாருமான்னு பார்க்கணும்."

"மஸ்கட் வேலை" லேபிளைத் தொட்டார். பழைய சம்பளச் சீட்டு வந்த முகவரியையும் இந்த முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது. ஆனாலும் மஸ்கட் நண்பருக்குப் போன் போட்டு, ஆபீஸில் கேட்டுச் சொல்லச் சொன்னார். "ஆமாம், அவர்கள் அனுப்பியதுதான்" என்றார் நண்பர்.

அதற்குப் பிறகுதான் பாஸ்புக்கை வாங்கினார்.