சைலன்சர் பூச்சும் வியாபார அமானிதமும்



பேருவளையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். எமது பக்கம் உப்புக்காற்று. புதிய சைலன்சரும் சீக்கிரம் கறள் பிடித்துவிடும். அதனால் கடைக்குப் பின்னால் சைலன்சருக்கு 'செராமிக்' ஸ்பிரே அடித்துக் கொடுக்கும் வேலையையும் செய்கிறேன்.

ஒருநாள், பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கும் ஒரு சகோதரர் வந்தார். மறுநாள் விடியற்காலை தொழிலுக்குப் போக வேண்டும் என்றார். அவசரமாக அடித்துக் கொடுத்து 4,000 ரூபா வாங்கினேன். "செராமிக் பூச்சு, ஒரு வருடம் நிற்கும்" என்றும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வாரம் திரும்பி வந்தார். பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. "நானா, ஒரு வருஷம் எண்டுதானே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்த வேலையை வீட்டிலும் செய்யலாம். ஆனால் மூன்று விடயங்களில் அவசரம் கூடாது.

1. சுத்தம்: சைலன்சர் நன்றாக ஆறிய பின் கழற்றுங்கள். ஓட்டை இருந்தால் முதலில் வெல்டிங் செய்ய வேண்டும். பூச்சு ஓட்டையை அடைக்காது. கம்பித் தூரிகையாலும் சாண்ட் பேப்பராலும் கறளை முழுமையாக எடுங்கள். பளபளப்பான குரோம் மீது பூச்சு பிடிக்காது, அதையும் உரசிச் சொரசொரப்பாக்குங்கள். பின்பு அசிட்டோனால் துடையுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம்தான் முதலில் உரியும்.

2. பூச்சு: காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து அடியுங்கள். மெல்லியதாக இரண்டு தடவை, சற்றுக் கனமாக ஒரு தடவை. இடையில் 10 நிமிடம் விடுங்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் கொப்புளிக்கும்.

3. சூடு: காய்ந்தது போல் தெரிந்தாலும் பூச்சு இறுகுவது சூட்டில்தான். சாப்பாடு சமைக்கும் ஓவனில் வைக்க வேண்டாம். அந்தப் புகை நல்லதல்ல. சைலன்சரை வண்டியில் பூட்டி, ஓட்டாமல் 10 நிமிடம் என்ஜினை இயக்கி 20 நிமிடம் ஆற விடுங்கள். மீண்டும் 20 நிமிடம் இயக்கி 20 நிமிடம் ஆற விடுங்கள். அதன் பின் 30 நிமிடம் ஓட்டுங்கள். வகைக்கு வகை இந்த நேரம் மாறும், டின்னில் உள்ளதையே பின்பற்றுங்கள். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள்.

நான் அன்று கறளைப் பாதிதான் எடுத்திருந்தேன். சூட்டு வேலையைச் செய்யவே இல்லை. அதன் மேல் மீன் பெட்டியின் உப்புத் தண்ணீரும் சொட்டியது.

இன்னொரு பிழை எனது வாயில் இருந்தது. தொழிற்சாலையில் மணல் வீச்சால் சுத்தம் செய்து, துப்பாக்கியால் தெளித்து, பெரிய சூளையில் சுடும் செராமிக் பூச்சு வேறு. டின் ஸ்பிரே என்பது செராமிக் கலந்த, சூடு தாங்கும் பெயின்ட். கறளைத் தடுக்கும், அழகு தரும். சைலன்சரின் சூட்டைக் குறைக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி விற்றது என் தவறு.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட சம்பவத்தை நாம் எல்லோரும் குத்பாவில் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்ல என்றும் எச்சரித்தார்கள். எனது ஈரம் பூச்சுக்கு அடியில் இருந்தது.

அந்தச் சகோதரரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் எடுத்து மீண்டும் இலவசமாகச் செய்தேன். அந்த இரண்டு நாளும் தொழிலுக்கு எனது வண்டியைக் கொடுத்தேன். இப்போது பில்லிலேயே எழுதுகிறேன்: 'சூடு தாங்கும் ஸ்பிரே, மூன்று மாத உத்தரவாதம், இரண்டு நாள் தேவை.' இதைக் கேட்டுச் சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும், ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது.

நாம் சொல்லி விற்கும் ஒவ்வொரு பெயரும் அமானிதம். அதைப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக.