அலாரம் அடிக்கிறது, ஆள்தான் எழவில்லை

கேள்வி: கல்லூரி பஸ் ஆறரைக்கே வந்துவிடுகிறது. ஐந்து மணிக்கு அலாரம் வைத்தால், அதை அணைத்ததே தெரியாமல் தூங்கிவிடுகிறேன். வீட்டில் 'சோம்பேறி' என்று திட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: திட்டுபவர்களிடம் இதைக் காட்டுங்கள். பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடலின் கடிகாரம் பின்தங்கி ஓடும். தூக்கத்துக்கு அடையாளமான மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகவே சுரக்கும். ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே எழுப்பினால் மூளை தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம். கை அலாரத்தை அணைத்தது நினைவில் நிற்காததற்கு அதுதான் காரணம்.

சரி, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? அதை மட்டும் எழுதவில்லையே! உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஐந்துக்கு எழ, பத்துக்காவது கண் மூட வேண்டும். ஒரே நாளில் முடியாது; சில நாளுக்கொருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுத்துப் பழகுங்கள். சாயங்காலக் காபியை விடுங்கள். குடித்த காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

போனைத் தலையணைக்கடியில் வைக்காமல் சுவிட்ச் போர்டு பக்கம் வையுங்கள். எழுந்து போய் அணைக்கும் அதே கையால் லைட்டையும் போட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கினால் திங்கட்கிழமை மறுபடி திண்டாட்டம்தான்.

போதிய அளவு தூங்கியும் பகலில் கண் சொக்கினால், பலமாகக் குறட்டை வந்தால், டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையா, தைராய்டா என்று ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.