ரேடியேட்டரின் வெப்பத்தைக் கணக்கிட மூன்று வழிகள்: எது யாருக்கு?

பிரிட்டனில் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, இருக்கிற ரேடியேட்டர்களே போதுமா என்பதைத்தான். ஒவ்வொன்றும் எத்தனை வாட் வெப்பம் தருகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அட்டவணை பார்ப்பது

டேப்பால் உயரம், நீளம் அளந்துகொள்ளுங்கள். மேலிருந்து எட்டிப் பார்த்து, தகடு ஒன்றா இரண்டா, அவற்றோடு ஒட்டிய மடிப்புத் தகடு எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். இரண்டு தகடு, இரண்டு வரிசை என்றால் 'டைப் 22'. தயாரிப்பாளரின் அட்டவணைப்படி, 600 மி.மீ. உயரம், 1000 மி.மீ. நீளத்தில் இது சுமார் 1700 வாட் தரும். ஒற்றைத் தகடான 'டைப் 11' சுமார் 1000 வாட். எளிய வழிதான், செலவும் இல்லை. ஆனால் தண்ணீர் 75 டிகிரியில் நுழைந்து 65-இல் வெளியேறி, அறை 20-இல் இருந்தால்தான் இந்த எண் பொருந்தும்.

வெப்பநிலைக்கேற்பத் திருத்துவது

மேலே சொன்ன நிலையில் தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம். ஹீட் பம்ப் 45-இல் அனுப்பி 40-இல் திரும்பப் பெற்றால் வித்தியாசம் 22.5 மட்டுமே, அதாவது 50-இல் 0.45 பங்கு. இதை 1.3 அடுக்குக்கு உயர்த்தினால் 0.35 வரும். ஆக அந்த 1700 வாட் 600 ஆகிவிடும். பழைய கேட்லாக்குகள் சில 60 டிகிரி வித்தியாசத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றில் உள்ள எண் கால்பங்குக்கு மேல் கூடுதலாகவே இருக்கும்.

நேரடியாக அளப்பது

நிமிடத்துக்கு ஓடும் லிட்டரை, நுழையும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, மறுபடி 70-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். சேறு படிந்த ரேடியேட்டரின் உண்மை நிலையும் இதில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு ரேடியேட்டருக்குள் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று வீட்டில் அறிவது கடினம். வித்தியாசமே 5 டிகிரிதான் என்றால், தெர்மோமீட்டர் 1 டிகிரி பிசகினாலும் விடை 20 சதவீதம் தவறிவிடும்.

எதைத் தேர்வது?

பாய்லர் அப்படியே இருக்க, ரேடியேட்டரை மட்டும் மாற்றுபவருக்கும் திருத்தம் தேவைப்படலாம். பாய்லரை 75 டிகிரிக்குக் கீழே ஓட்டினால் அட்டவணை எண் கிடைக்காது. ஹீட் பம்ப் என்றால் திருத்தாமல் முடிவெடுக்கவே கூடாது. ஒரே அறை மட்டும் சூடாகவில்லை என்றால் மூன்றாவதுக்குப் போவதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள்: மேல்பக்கம் குளிர்ந்தால் காற்று, அடிப்பக்கம் நடுவில் குளிர்ந்தால் சேறு. எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். எழுதியிருக்கும் வாட்தான் அது தரும் உச்ச வெப்பம்.