வச்சிரகர்ணனைக் காத்த போர்

கொல்லாமையை முதல் அணுவிரதமாக ஏற்ற சிராவகன், பகைவரால் சூழப்பட்ட பிறனொருவனைக் காக்க ஆயுதம் ஏந்தலாமா? இரவிசேணாசாரியர் 7ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய பத்மபுராணத்தில் இதனை ஆராய ஏற்ற சரிதம் ஒன்றுண்டு. நம் இல்லங்களில் ஓதப்படும் ஸ்ரீபுராணம் இராமகதையை உத்தரபுராண வழியில் கூறுவதால், வனவாசத்தில் நிகழும் இச்சரிதம் அதில் இடம்பெறவில்லை.

தசாங்கபுரத்து மன்னன் வச்சிரகர்ணன், உச்சயினி வேந்தன் சிம்மோதரனுக்கு அடங்கிய சிற்றரசன். வேட்டையாடச் சென்ற காட்டில் முனிவரொருவரிடம் அறங்கேட்டு, ஜினேந்திரரையும் முனிவரையுமன்றி எவரையும் வணங்குவதில்லை என விரதம் ஏற்றான். வேந்தன் முன் நிற்குங்கால், தன் மோதிரத்தில் அமைத்த முனிசுவிரத பகவானின் திருவுருவையே வணங்கி வந்தான். (இவ்வுபாயம் மாயாசாரம் ஆகாதா என்பது தனியே ஆராயத்தக்கது.) இதனையறிந்த சிம்மோதரன் வெகுண்டு படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டான். சுற்றியிருந்த ஊர்களை விட்டு மக்கள் ஓடினர்.

அவ்வழியே வந்த இராமன், இலக்குவன், சீதை மூவர்க்கும் முற்றுகையினுள்ளிருந்த வச்சிரகர்ணனே உணவளித்தான். அவனைக் காக்கத் துணிந்த இராமன் இலக்குவனை அனுப்பினான். இலக்குவன் எடுத்தவுடன் போர் தொடுக்கவில்லை. பரதனின் தூதனாகச் சென்று பகையை விடுமாறு கூறினான். சிம்மோதரன் இணங்காமையால் போர் மூண்டது. இலக்குவன் படையைச் சிதறடித்து, அவனைக் கொல்லாது கட்டிக் கொணர்ந்தான். அப்போது வச்சிரகர்ணன் வேண்டியது ஒன்றே: தன்னை அழிக்க வந்த அவனை விடுவிக்க வேண்டும் என்பது. சிம்மோதரனும் மனம் மாறிப் பாதி நாட்டை அவனுக்களித்து நண்பனானான்.

ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கல்பம் என இம்சையை நால்வகையாகக் கூறுவர். இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டுவது சங்கல்ப இம்சை. தன்னையும் அடைக்கலமானோரையும் காக்கும் போர் விரோதி இம்சையின்பாற்படும். இது விரதபங்கம் ஆகாது எனக் கூறி நம்மில் பலர் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். விரோதி இம்சையும் இம்சையே. வினைக்கட்டின் வன்மை கஷாயத்தின் வன்மையைப் பொறுத்தது. ஆதலால்தான் தூது முன்னும் விடுதலை பின்னும் அமைந்த இப்போர், வெற்றி வேட்கையால் எழும் போரினின்றும் வேறுபடுகிறது.

காத்தவன் என்பதனால் இலக்குவனுக்குப் புராணம் விலக்களிக்கவில்லை. வாசுதேவனாகிய அவன் இறுதிவரை பற்றும் சினமும் நீங்காமல் நரகம் புக்கான். அவனுடன் அதே போர்களில் நின்ற இராமனோ துறவு பூண்டு, துங்கிகிரியில் முக்தி எய்தினான்.