ஐப்பசி மழையும் கொறங்காடும்: இப்போது செய்ய வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்களுக்கு அடுத்த கோடை வரை மாட்டுக்கு வாய் நிறையுமா என்பதை முடிவு செய்வது இந்த மழைதான். ஆகவே முதல் வேலை விதைப்பு அல்ல. முதல் உழவு மழை விழுந்து, காய்ந்து கிடந்த கொழுக்கட்டைப் புல்லின் தூரில் பச்சை எட்டிப் பார்த்ததும் மாடுகளை வெளியே ஓட்டிவிட்டு வேலிக் கடவை அடையுங்கள்.

பலருக்கும் இது மனம் வராத காரியம். கோடை முழுக்கச் சருகைக் கடித்த மாடு பச்சையைக் கண்டால் நிற்காது, நமக்கும் பாவமாக இருக்கும். ஆனால் அந்த முதல் இலைகள் மண்ணிலிருந்து வந்தவை அல்ல. வறட்சியில் தூரிலும் வேரிலும் புல் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து வந்தவை. அவற்றைக் கடித்துவிட்டால் அடுத்த இலைக்குக் கையிருப்பு குறையும். இரண்டு முறை, மூன்று முறை கடிபட்ட குத்து அடுத்த வறட்சியைத் தாங்காது. காடு முழுக்க அடைக்க முடியாதவர்கள் ஏதேனும் ஒரு துண்டை மட்டும் மாட்டுக்கு விட்டுவிட்டு, சோளத்தட்டு போட்டு ஒப்பேற்றுங்கள். அந்த ஒரு துண்டு கெடும். மற்றவை பிழைக்கும்.

புல் முழங்கால் உயரம் வந்து கதிர் தலைகாட்டும்போது கடவைத் திறக்கலாம். ஒரு துண்டில் நான்கு விரல் உயரத் தூர் மிஞ்சியதும் அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுங்கள். முழுக்க முற்றட்டும் என்று காத்திருப்பதும் நட்டமே. தீவனத்தில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்குக்குக் கீழே போனால் மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்கத் திணறும். இளம்புல்லில் அதற்கு மேலேயே இருக்கும் புரதம், கதிர் முற்றிக் காய்ந்தபின் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும்.

இனி விதைப்பு. குத்துகள் இடைவெளி விட்டுப் போன துண்டுகளையும், உழுது சோளமோ கொள்ளோ போட்டுப் புதுப்பிக்க நினைக்கும் துண்டுகளையும் இந்த ஈரத்தில்தான் விதைக்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ விதை போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்னும் நீலக் கொழுக்கட்டை நம் மானாவாரிக்கு ஒத்துவரும். வரிசையாகப் போடுவதானால் வரிசைக்கு வரிசை 50 செ.மீ., குத்துக்குக் குத்து 30 செ.மீ. விடுங்கள். விதையில் சுணை இருப்பதால் காற்றில் பறக்கும், கையிலும் ஒட்டும், எறும்பும் இழுத்துப் போகும். ஈர மணலோடு பிசறித் தூவினால் சீராக விழும். இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் சாணமும் களிமண்ணும் சேர்த்துச் சிறு உருண்டையாக்கி உலர்த்திப் போடலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் முளை மேலே வராது. முள் கொத்தை ஒரு முறை இழுத்தாலே மண் மூடிவிடும்.

மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை முயல் மசால் போடுங்கள். புரதக் குறையை அது ஈடுகட்டும். அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கு நிமிடம் வைத்து, பிறகு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு விதையுங்கள்.

போன மாதம் பறித்த புது விதையை யாராவது கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விதைக்காதீர்கள். கொழுக்கட்டை விதைக்கு ஆறேழு மாத உறக்கம் உண்டு. தை, மாசியில் உருவிய விதை ஐப்பசியில் முளைப்பது அதனால்தான். பழைய விதையானாலும் நூறு எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்துப் பார்த்துவிட்டுக் காட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இந்தப் புல்லின் விதை பற்றி இன்னொரு சங்கதி, எனக்கு இதில்தான் பெரிய ஆதாயம் தெரிகிறது. இது பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கைக் கலப்பு இல்லாமலே விதை கட்டும். டெக்சாஸில் இந்தப் புல்லை ஆராய்ந்த பாஷா 1962இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. விதையிலிருந்து வருவது தாய்க் குத்தின் அச்சு அசல். ஆகவே ஒட்டுரக மக்காச்சோளம் போல ஆண்டுதோறும் விதை வாங்கத் தேவையில்லை. உங்கள் காட்டில் சித்திரை வெயிலிலும் பச்சை காட்டிய குத்துகளுக்கு இப்போதே சுண்ணாம்பு அடித்த கல்லை அடையாளம் வையுங்கள். அவற்றை மேயவிடாமல் முள் போட்டு, கதிர் வைக்கோல் நிறமானதும் உருவி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டிவையுங்கள். ஒரே குத்தில் மட்டும் எடுக்காதீர்கள். எல்லாச் செடியும் ஒன்றாக இருந்தால் ஒரு நோய் எல்லாவற்றையும் அடிக்கும். டெக்சாஸில் ஒரே ரகத்தைப் பரப்பிய மேய்ச்சல் நிலங்களை இலைக்கருகல் தாக்கியது அப்படித்தான்.

புதிதாக விதைத்த துண்டில் இந்த ஆண்டு மாடு வேண்டாம். விதைத்த 70–75ஆம் நாளில், அதாவது மார்கழிக் கடைசியிலோ தையிலோ, அரிவாளால் அறுத்துப் போடுங்கள். வேர் பிடித்ததா என்று பார்க்க ஒரு குத்தைக் கையால் இழுங்கள். தூரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

குதிரை வளர்ப்பவர்கள் இதை மட்டுமே தீவனமாக்கக் கூடாது. புல்லிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால் குதிரைக்கு எலும்பு நோய் வரும், முகம் வீங்கும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். மலையடிவாரத்திலும் காப்புக்காட்டு ஓரத்திலும் விதை தூவவே வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் இந்தப் புல் அத்துமீறிப் பரவி, அங்கே இயல்பில்லாத காட்டுத்தீக்கு எரிபொருளாகி, பெரிய சகுவாரோக் கள்ளிகளைப் பொசுக்குகிறது. கிளுவை வேலிக்குள் மாடு மேயும் வரைதான் இது நமக்கு அடங்கிய புல்.

மண் ஈரமாக இருக்கும் இந்த வாரங்களிலேயே கிளுவைப் போத்து நட்டு வேலியின் சந்துகளை அடையுங்கள். சீமைக்கருவேல நாற்றுகளும் இப்போது வேரோடு வரும், பிடுங்கிவிடுங்கள். வெள்வேலாங் கன்றை மட்டும் தொடாதீர்கள்; இரண்டும் முள்தான், இலையைப் பார்த்து இழுங்கள்.